பாவு கட்டிய தெருவில்

வேலூரிலிருந்து மிஷன் துரை வருகிறார் என்று தாக்கல் வந்ததும் என் மனைவி சாரா என் கறுப்புக் கோட்டை எடுத்து உதறினாள்.

"நாளைக்காவது வாயத் தொறங்க. இல்லன்னா இந்த வூட்ட காலி பண்ணிட்டு எங்க போயி நிக்கிறது?" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. வீடு மிஷன் வீடு. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. உபதேசியார் வேலையைத் தவிர வேறு ஒரு இழவும் எனக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் நெட்டாலிலிருந்து ஆரணிக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாகத் தெருவில் நான் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. எந்தப் புண்ணியவானோ அதைத் துரைக்கு எழுதிப் போட்டுவிட்டான்.

கப்பல் ஏறுவதற்கு முன் இந்த ஊரில் என்னைப்போல் பிரசங்கி கிடையாது. என் சாமர்த்தியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. பட்டு நெய்கிறவர்கள் விடிந்ததும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். நடுவில் எவனும் நகர முடியாது, மூத்திரம் வந்தால்கூட அடக்கிக்கொண்டுதான் நிற்பான். சந்தையில் பேசினால் கூட்டம் கலைந்துவிடும். இங்கே கலையாது. பாவு கட்டுகிற நாளாகப் பார்த்துப் போய்த் தொண்டை கிழியக் கத்துவேன். கேட்டவர்கள் நாற்பது பேர் என்று துரைக்கு எழுதுவேன். அவரும் மெச்சிக்கொள்வார். அப்படி மெச்சித்தான் கரும்புத் தோட்டத்துக் கூலிகளுக்குப் போதிக்க என்னை நெட்டாலுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆறு வருஷம் இருந்தேன். எழுந்து போக முடியாதவனிடம் இனிப் பேசுவதில்லை என்று முடிவுசெய்துகொண்டு திரும்பினேன்.

மறுநாள் கிழக்கு வெளுப்பதற்குள் துரை தயாராக நின்றார்.

"வாரும், பெரியநாயகம். நெசவுத் தெருவுக்குப் போவோம். இன்று பாவு போடுகிறார்களாம்."

எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார் மனிதர்.

நெசவாளி அருணகிரியின் பாவு அது, கல்யாணச் சேலைக்கான அரக்குச் சிவப்பு. அவன் எங்களைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவனிடம், "வந்துட்டாருப்பா. இன்னிக்கி பேஜாருதான்" என்று முணுமுணுத்தது என் காதில் நன்றாகவே விழுந்தது.

"ஆரம்பியும்" என்றார் துரை.

"இவங்க வேல முடியட்டும் ஐயா. அப்புறம் இருக்கறவங்க இருக்கட்டும், போறவங்க போகட்டும். அப்ப பேசறேன்."

"முடிந்தால் எல்லாரும் போய்விடுவார்களே?"

"போகட்டும் ஐயா."

துரையின் கழுத்து சிவந்தது. நின்றோம். என் முழங்கால் நெட்டாலிலேயே கெட்டுப்போனது. ஒரு நாழிகை நிற்பதற்குள் உயிர் போய்விட்டது. வெயில் ஏறப் பாவைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு அவரவர் உள்ளே போனார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை. யாராவது ஒருவர் நிற்பார் என்று மனசுக்குள் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது, பொய் சொல்வானேன்.

"வேலூரில் ஒரு வாலிபன் இருக்கிறான், அவனை அனுப்புகிறேன். மாதக் கடைசியில் வீட்டை ஒப்படைத்துவிடும்" என்றார் துரை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வண்டி ஏறிப் போய்விட்டார்.

சாராவிடம் போய்ச் சொல்லத் தெம்பில்லாமல் அங்கேயே நின்றேன். பாவு கட்டிய முளைகளைப் பிடுங்க அருணகிரி திரும்பி வந்தான்.

"தொர சொன்னது காதுல வுழுந்துச்சிங்க. உங்க சோத்துல நீங்களே மண்ண போட்டுகினீங்களே, இன்னாத்துக்கு? நாலு வார்த்த பேசிட்டு போயிருக்கலாம். நாங்க என்னிக்கி அத்த கேட்டோம், இழய பாத்துகினு இருப்போம்."

சுருக்கென்றது. ஆனாலும் நெட்டாலில் நடந்ததை அவனிடம் சொன்னேன். தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்த பிறகுதான் வாரத்து அரிசியை அளப்பார்கள். நடுவில் எழுந்து போனால் அரிசி கிடையாது. அது முதலாளியின் ஏற்பாடு. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, கொட்டகை நிரம்பியதே. ஒரு ஞாயிறு முன்வரிசையில் செல்லியம்மாள் என்ற பெண், நம் சேவூர்க்காரி, கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் மனம் இளகிவிட்டது என்று நினைத்து, அவளுக்காகவே இன்னும் அரை மணி நேரம் நீட்டினேன். ஆமென் சொன்னதும் எழுந்து வந்தாள். "முடிஞ்சிதுங்களா ஐயா? அரிசி வாங்கிகினு போலாங்களா? கொழந்த காலையில செத்துப்போச்சி. தனியா உட்டுட்டு வந்துகிறேன்" என்றாள்.

அருணகிரி முளையிலிருந்து கையை எடுத்தான்.

"கொழந்த பேரு இன்னாங்க?"

"கேக்கலப்பா. அவகிட்ட நான் ஒண்ணுமே கேக்கல. ஆறு வருஷமும் நானே பேசிகினு இருந்தேன்."

அவன் முகத்தைத் துண்டால் துடைத்தான்.

"போன ஆடியில எங்க வூட்லயும் ஒண்ணு போச்சிங்க. மூணு வயசு" என்றான்.

குழந்தையின் பேர் என்ன என்று கேட்டேன்.