தையல் என்று எழுதியவள்

1

அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு குழாய் வாஷர். செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். "கை கழுவுற குழாய் ஒழுகுதுடி. வர்றப்ப ஒரு வாஷர் வாங்கிட்டு வா" என்று போனில் சொன்னாள். அரை இஞ்சா, முக்கால் இஞ்சா என்று கேட்டேன். "அதெல்லாம் குழாய்க்குத்தான் தெரியும். நீ படிச்சவ, பாத்து வாங்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருமல் இருந்ததா என்று பல தடவை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இல்லை.

இந்தக் கதை துக்கத்தில் பிறந்தது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். அது பாதி உண்மை. மீதி, கோபத்தில் பிறந்தது. ஜெராக்ஸ் கடையில் அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பது என் வேலை. எனக்குப் பழகிய எழுத்து அதுதான், கட்டத்துக்குள் அடங்கும் எழுத்து. அக்கா எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

2

முதல் தொடக்கம்: "பெருந்தொற்று உலகையே புரட்டிப்போட்ட அந்த நாட்களில்"

அடித்துவிட்டேன். உலகம் ஒன்றும் புரளவில்லை. மேலே இருந்தவர்கள் மேலேயேதான் இருந்தார்கள்.

இரண்டாவது: "அவள் பாவப்பட்டவள். விதி அவளை"

இதை அக்கா படித்திருந்தால் நோட்டைப் பிடுங்கி என் தலையிலேயே போட்டிருப்பாள். விதி எதுவும் செய்யவில்லை. அரசாணை செய்தது. அதற்கு எண்ணும் தேதியும் உண்டு.

மூன்றாவது: "என் அக்கா பாலியல் தொழிலாளி. யாருக்குக் கீழும் இல்லாமல், சொந்தமாகத் தொழில் செய்தாள். வருடா வருடம் வரி கட்டினாள்."

இது நிற்கட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனி வரும் பக்கங்களில் நான் 'தங்கை' என்று வருவேன். 'நான்' என்று எழுதினால் எனக்கு நானே சலுகை காட்டுகிறேன். 'அவள்' என்று எழுதினால் திட்டுவதற்குச் சௌகரியமாக இருக்கிறது.

3

சாவி செய்யும் கடைக்கு மேலே, மாடியில் அக்காவின் அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு வாஷ்பேசின், மேஜைமேல், வருகிறவர் நேரத்தை அளக்க, டிக் டிக்கென்று ஓடும் சமையலறை டைமர். செருப்பு வெளியே. முதலில் கை கழுவ வேண்டும், பிறகுதான் பேச்சு. குடித்துவிட்டு வந்தால் படியிலேயே திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இந்தக் கண்டிப்பைப் பார்த்துத் தெருவில் அவளுக்கு 'டீச்சர்' என்று பெயர். நாடு முழுக்கக் கை கழுவச் சொல்லி விளம்பரம் வந்தபோது, "நான் பல வருஷமா சொல்றேன், இப்பத்தான் இவங்களுக்குக் காது கேட்டிருக்கு" என்றாள்.

அதற்கு ஒன்பது வருடம் முன்பு, வங்கிக் கணக்கு தொடங்கச் சுயதொழில் பதிவு வேண்டும் என்று தங்கையின் கடைக்கு வந்தாள். தங்கை படிவத்தைத் திரையில் திறந்தாள்.

"தொழில் என்னன்னு கேக்குது."

"உள்ளதப் போடு."

"லிஸ்ட்ல இல்லக்கா."

"'இதர'ன்னு ஒண்ணு இருக்குமே?"

"அதப் போட்டா விவரம் எழுதச் சொல்லும்."

"எழுதேன். உனக்குத்தான் கோர்வையா எழுத வருமே."

தங்கை பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடை முதலாளி பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். படிவத்தின் அடியில் 'பூர்த்தி செய்தவர்' என்று இன்னொரு கட்டம் உண்டு. அதில் தங்கையின் பெயர் வரும். தங்கைக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

பட்டியலில் கீழே இறங்கி 'தையல்' என்பதைத் தொட்டாள்.

"அடியே, ஒரு பட்டன் தைக்கத் தெரியாதேடி எனக்கு."

"யாரு வந்து பாக்கப்போறா?"

அக்கா திரையைப் பார்த்தாள். "சரி, உன் பேரு கெட வேண்டாம்" என்றாள்.

[இந்த வாக்கியத்தை முதல் இரண்டு கையெழுத்துப் படிகளில் விட்டுவிட்டேன். மூன்றாவதில் சேர்த்திருக்கிறேன். அவள் அப்படித்தான் சொன்னாள்.]

5

நான்காம் பகுதியைக் கிழித்துவிட்டேன். அதில் அக்கா இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தாள் என்று எழுதியிருந்தேன். முடிதிருத்துபவர் அந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். இதையும் கேட்காதீர்கள்.

ஊரை மூடினார்கள். ஒருவரையொருவர் தொட்டுச் செய்யும் தொழில்கள், கூட்டம் கூடும் தொழில்கள் எல்லாவற்றுக்கும் தடை. தடைப்பட்ட சுயதொழில்காரர்களுக்கு மாதா மாதம் நிவாரணம் என்று அறிவித்தார்கள். விண்ணப்பம் போட ஆள் வேண்டுமே, அதனால் ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் அனுமதி, எங்களுக்குப் பாதிச் சம்பளம். கடை வாசலில் வட்டம் போட்டு நிறுத்தினோம். முடிதிருத்துபவர், மசாஜ் செய்பவர், பச்சை குத்துபவர், கல்யாண வீட்டுப் போட்டோகிராபர். தங்கை ஒவ்வொருவருக்கும் விண்ணப்பம் தட்டினாள். எல்லாம் பாஸானது. முடிதிருத்துபவர் நன்றி சொல்ல வந்து தள்ளி நின்று கும்பிட்டார். "உங்க கைராசிம்மா. என் மச்சானுக்கும் நீங்களே போட்டுடுங்க."

அந்தக் கைராசிக் கையால் அக்காவுக்கும் போட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. தையல் தடைசெய்யப்பட்ட தொழில் அல்ல, ஆகவே நிவாரணம் இல்லை. விருப்பமிருந்தால் முகக்கவசம் தைத்துத் தரப் பதிவு செய்யலாம்.

"என்னடி சொல்றாங்க?" போனில் அக்கா.

"மாஸ்க் தைக்கச் சொல்றாங்கக்கா."

"மெஷின் அவங்களே குடுப்பாங்களாமா?"

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒன்பது வருஷம் பாக்காம இருந்தாங்க பாரு. இப்ப வந்து பாத்துட்டாங்க" என்றாள் அக்கா. அவள்தான் சிரித்தாள்.

* நீ என்ன செய்தாய், கூடப் பிறந்தவள்தானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பாதிச் சம்பளத்தில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தடவை வாங்கினாள். மூன்றாம் தடவை, "உன் பொண்ணு ஃபீஸுக்கு வச்சுக்க. எனக்குக் கவர்மெண்டு தரட்டும், நான் அதுக்குத்தான கட்டினேன்" என்று என் பையிலேயே திருப்பித் திணித்தாள். அவள் பிச்சை கேட்கவில்லை. கட்டியதைக் கேட்டாள்.

6

தங்கை ஒரு திருத்த மனு எழுதினாள். அவள் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான். 'தையல் என்று தவறாகப் பதிவாகிவிட்டது. உண்மையில் நான் செய்வது பாலியல் தொழில். ஆணைப்படி என் தொழில் தடைசெய்யப்பட்டுள்ளது. நான் ஆணையை மதித்து நாற்பத்தோரு நாளாகக் கதவை மூடி வைத்திருக்கிறேன்.' ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. அக்கா படித்துப் பார்த்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

இருவரும் நிவாரண அலுவலகத்துக்குப் போனார்கள். மூன்றாவது கவுண்டரில் இருந்த அதிகாரியம்மாவை முதல் படியில் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். வளையலைச் சுழற்றிக்கொண்டு, ஆளை ஏற இறங்கப் பார்ப்பவள் போல. அப்படி இல்லை. அந்த அம்மா நல்லவர். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மனுவை முழுக்கப் படித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது உண்மைன்னா உங்களுக்குக் கிடையாதும்மா. ஆணையோட பின்னிணைப்புல பதினாலாவது இனம் பாருங்க. சூதாட்ட விடுதி, பாலியல் சார்ந்த சேவைகள், இதுக்கெல்லாம் இல்லன்னு போட்டிருக்கு."

"அப்ப தையல்னே வச்சுக்கிட்டா?" என்றாள் தங்கை.

"தையலுக்குத் தடையே இல்லையே."

"தொழில் செய்யக் கூடாதுன்னு சொல்றப்ப மட்டும் நாங்க கணக்குல இருக்கோமா?" என்று அக்கா கண்ணாடித் துளைப் பக்கம் குனிந்து கேட்டாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "ஒன்பது வருஷமா தப்பான தகவல் குடுத்திருக்கீங்கன்னு கேஸே போடலாம். நான் இதப் படிக்கலன்னு வச்சுக்கறேன். எடுத்துட்டுப் போயிடுங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வரி வாங்குறப்பவும் படிக்காமத்தான் வாங்குனீங்களா மேடம்?"

"அது வேற செக்ஷன்."

"உங்களுக்கு எல்லாம் வேற வேற செக்ஷன். எனக்கு வயிறு ஒண்ணுதான்."

வெளியே வந்ததும் தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதாள். "நீ ஏண்டி அழற? எனக்குத்தான இல்லன்னாங்க" என்று அக்கா தன் துப்பட்டாவை நீட்டினாள். தொற்று ஞாபகம் வந்ததும் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "உன்னுதுலயே தொடச்சுக்க."

7

இங்கே லாரிக்காரர் வர வேண்டும். இவர்மேல்தான் எனக்குச் சந்தேகம். அவர் செய்ததில் சந்தேகமில்லை, நான் அவரை எழுதிய விதத்தில்தான். முதல் படியில் தொந்தியும் தங்கச் சங்கிலியும் மாட்டிவிட்டேன். இரண்டாவதில் படியேறும்போதே இருமவிட்டேன். படிக்கிற உங்களுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டும் அல்லவா? ஆளைக் காட்டிவிட்டால் அலுவலகம் தப்பித்துக்கொள்ளும்.

உண்மையில் அவர் ஒல்லி. பல வருடம் வந்துபோகிறவர். காய்கறி லாரி ஓட்டினார். அதனால் முன்கண்ணாடியில் 'அத்தியாவசியப் பணி' என்ற ஸ்டிக்கரும் ஊரெங்கும் போக அனுமதியும் இருந்தன. ஐம்பத்திரண்டாம் நாள் பகலில், செருப்பை வெளியே விட்டு, கை கழுவி, தானே வாங்கிவந்த சோப்பைப் பேசினில் வைத்தார் என்று அக்கா பின்னால் சொன்னாள். அன்று வீட்டுக்காரர் வாடகை கேட்டு இரண்டாம் முறை வந்து போயிருந்தார். அக்கா டைமரைத் திருகினாள்.

அந்த வாரம் அவர் இன்னொரு தடவையும் வந்தார். வேறு இரண்டு பேரும் வந்தார்கள். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வாஷர் கேட்டாள். வியாழக்கிழமை காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உள்ளே போகும்போது, "ரூம பூட்டினியா?" என்றாள். பூட்டினேன் என்றேன். அடுத்த புதன்கிழமை மதியம்

8

அந்த வாக்கியம் அப்படியே இருக்கட்டும். முடிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

நிவாரணம் கிடைக்கிறது. அக்கா கதவைத் திறக்கவில்லை. ஊர் திறந்த பிறகு குளித்து, தலைவாரி, மறுபடி டைமரை மேஜைமேல் வைக்கிறாள். இந்த முடிவில் உருக ஒன்றுமில்லை. ஒரு பெண் உயிரோடு வேலைக்குத் திரும்புகிறாள், அவ்வளவுதான். எனக்கு இதுதான் வேண்டும்.

அடுத்தது பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். அவளை எரித்துவிட்டு வீடு திரும்புகிறேன், வாசலில் நிவாரணம் அனுமதிக்கப்பட்ட கடிதம் கிடக்கிறது. எழுத மாட்டேன். தாமதமாக வந்தது என்றால் அனுப்பினார்கள் என்று ஆகிவிடும். அனுப்பவேயில்லை.

பிறகு என் முடிவு. தங்கை தன் பெயருக்குப் பயந்து தையல் என்று எழுதினாள், அதனால்தான் அக்கா செத்தாள். இதை ரொம்ப நாள் நம்பினேன். சாப்பிடும்போதுகூட நம்பினேன். அப்புறம் ஒரு நாள் கடையில் உட்கார்ந்து, உண்மையையே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு கட்டமாகப் பூர்த்தி செய்து பார்த்தேன். பதினான்காவது இனத்தில் போய் நின்றது. பொய் எழுதினாலும் இல்லை, மெய் எழுதினாலும் இல்லை. என் தவறு என் தவறுதான், அதை நான் சுமப்பேன். ஆனால் அந்தப் பட்டியலை நான் எழுதவில்லை. ஒரு தங்கை குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருந்தால் பட்டியல் எழுதியவர்களுக்கு நல்ல வசதி. அந்த வசதியை இனிமேல் தருவதாக இல்லை.

இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சான்றிதழுக்காக ஒரு பையன் என்னிடம் விவரம் கேட்டு எழுதினான். பெயர், வயது, தொழில். அந்தத் தாளில் பட்டியல் எதுவும் இல்லை. வெறும் கோடுதான். என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பின்னால் எந்த முதலாளியும் நிற்கவில்லை. நான் "தையல்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் எழுதிக்கொண்டான்.

9

ஆகவே இதைக் கதை என்று மட்டும் நினைக்காதீர்கள். இதுவும் திருத்த மனுதான். முதல் மனுவைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொண்டார்கள். இதை நீங்கள் படித்துவிட்டீர்கள். இனி அப்படி வைத்துக்கொள்ள முடியாது.

இறந்தவர்: என் அக்கா. தொழில்: பாலியல் தொழில், சொந்தமாக. கோருவது:

இந்த இடத்தை நிரப்ப வேண்டியது நீங்கள். நான் எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்துவிட்டேன், எனக்கு இது ஒன்று மட்டும் வரவில்லை. பணம் என்று எழுதினால் வாங்க ஆளில்லை. மன்னிப்பு என்று எழுதினால் அது வேற செக்ஷன் என்பார்கள். பட்டியலிலிருந்து அந்தப் பதினான்காவது இனத்தை அடிக்கச் சொல்லலாம். அடுத்த தொற்றுக்குள் அடிப்பார்களா என்று தெரியாது. உங்களுக்குத் தோன்றியதை எழுதி, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

காலை பத்து மணிக்குத் திறப்பார்கள். உட்கார நாற்காலி கிடையாது. மூன்றாவது கவுண்டரின் கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு துளை இருக்கிறது, இடுப்பு உயரத்தில். குனிந்தால்தான் உள்ளே கேட்கும். போன வாரம் போய்ப் பார்த்தேன். இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது.