படிப்பு முடிந்ததும்

நேர்காணல் அறையின் கம்பளம் என் காலடிச் சத்தத்தை விழுங்கிவிட்டது. விசா அதிகாரி கணினியிலிருந்து கண் எடுக்காமலேயே உட்காரச் சொன்னார்.

இந்த நாட்டுக்கு வெளிநாட்டு மாணவர்கள் வேண்டும். அதனால் படிக்க வருபவர் துணையையும் அழைத்து வரலாம், துணை வேலையும் பார்க்கலாம் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அப்படித்தான் என் மனைவியின் பின்னால் வந்தேன். அவள் மண்ணியல் படித்தாள். நான் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாணவி இல்லாமல் மாணவியின் துணை இருக்க முடியாது என்று சட்டம் மரியாதையாகவே சொன்னது. நானே மாணவனானால் இருக்கலாம். கல்லூரி இடம் கொடுத்துவிட்டது. இந்த அதிகாரி சரி என்றால் போதும். என் அம்மா தினமும் போனில் வந்துடுடா என்கிறாள். மனைவியை இங்கேதான் புதைத்திருக்கிறேன்.

"எதுக்கு இந்தப் படிப்பு?" என்று கேட்டார் அதிகாரி.

தெரிந்த கேள்விதான். மனைவி தன் விசாவுக்காக ஊர் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது நான்தான் அதிகாரி. சமைத்துக்கொண்டே அதட்டுவேன். "ஆபீசர் சார், முதல்ல கரண்டிய கீழ வைங்க. பயமா இருக்கு" என்பாள். பிறகு பதில் சொல்வாள். நான் பதிலைக் காதில் வாங்கியதே இல்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கேள்விகள்தான் மனப்பாடம்.

அறை வெதுவெதுப்பாக இருந்தது. தூக்கம் போல ஏதோ கண்ணை அழுத்தியது. பக்கத்து நாற்காலியில் யாரோ நிதானமாகப் பதில் சொல்லி முடித்தது போலிருந்தது. ஒத்திகையில் போலவே தலையாட்டினேன்.

"சரி. படிப்பு முடிஞ்சதும் திரும்பிப் போயிடுவீங்களா?" என்றேன்.

அதிகாரியின் விரல்கள் நின்றன. அது அவர் என்னிடம் கேட்க வேண்டியது. புரிந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் கோபப்படவில்லை. முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"நானும் இங்க படிக்கத்தான் வந்தேன்" என்றார். "போயிடுவேன்னுதான் சொன்னேன்."

பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றார். கீழே கல்லூரி மைதானம் முழுக்க மூடுபனி. புதிதாக வந்த மாணவர்கள் வரிசையாக அதற்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒரு பெண் சக்கரப்பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் மறைந்த பிறகும் சக்கரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.