சுடுவதற்கு முன் ஒரு கேள்வி

அண்ணி சரி என்றால் அண்ணன் லட்சம் பேர் கையால் சாவார். முடியாது என்றால் விளையாட்டு செத்துப்போகும். எது நடந்தாலும் பழி தன் தலையில்தான் என்று சின்னவனுக்குத் தெரியும். படியில் அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்தான். அது ஏற்கெனவே துடைத்ததுதான்.

டயர் கடைக்கு மேல் இரண்டாவது மாடி. கீழேயிருந்து ரப்பர் நாற்றம் வரும். அங்கே அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டு. ஆடுகிறவனுக்குத் தன் கைகளும் துப்பாக்கியும் மட்டும் திரையில் தெரியும். எதிரே வருவதெல்லாம் சுடுவதற்கு. இந்த மாதிரி விளையாட்டு உலகத்தில் மூலைக்கு மூலை கொட்டிக் கிடக்கிறது. அதே இடிந்த கட்டடம், சுட்டால் வெடிக்கும் அதே சிவப்புப் பீப்பாய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அதே காவலாளி. துப்பாக்கிகளை வரைகிற பெண்ணுக்கு அங்கே துப்பாக்கிக்காரி என்று பெயர். அவள் ஒருநாள் சொன்னாள்: "பழைய கள்ளு, புது மொந்தை. இதுல மொந்தையும் இரவல்."

சத்தங்களைச் செய்தவர் அண்ணன். சின்னவன் அவற்றை வெட்டிக் கோத்து விளையாட்டுக்குள் ஏற்றுவான். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நடிகர்களை வைத்து நல்ல குரல் பதிவு செய்யும்வரை, ஆபீசில் இருப்பவர்களே எதையாவது கத்தி ஒப்பேற்றி வைப்பார்கள். அண்ணன் சாமான் அறையில் பழைய மெத்தைகளைச் சுவரோடு சாத்திவைத்து, உள்ளே போய் அடிபட்டார், முனகினார், செத்தார். யாரும் கேட்காமலே ஒன்றைக் கூடச் சேர்த்தார். கதவுக்கு வெளியே காலடி கேட்டால் காவலாளி, "யாரு அது?" என்பான். மிரட்டல் இல்லை. சோபாவில் சாய்ந்திருப்பவன் எழச் சோம்பல்பட்டுக் கேட்பதுபோல இருக்கும்.

பின்னால் தூக்கிப் போட வேண்டிய குரல். அதற்குள் ஒரு காலையில், ஆபீஸ் வரும் வழியில், அண்ணனை லாரி அடித்துப் போட்டது. அந்தக் குரல்களைத் தொட யாருக்கும் கை வரவில்லை.

அப்படியே வெளியாட்களைக் கூப்பிட்டு ஆட விட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் கொட்டாவியோடு சுட்டுக்கொண்டே வந்தார்கள். அந்தக் கதவருகே மட்டும் விரல் நின்றது. ஒருவன் திரையைப் பார்த்து வாயைத் திறந்தே விட்டான்.

"சுட வந்தவன் பதில் சொல்லப் பார்க்குறான்டா," என்றார் முதலாளி. விளையாட்டைப் பணம் போட்டு வெளியிட வந்தவரும் அதையே சொன்னார். இந்த விளையாட்டில் புதுசு அது ஒன்றுதான். அது இருந்தால் வெளியிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

"உங்க அண்ணிய ஒரு வார்த்தை கேட்டுடு," என்றார் முதலாளி. "குரல் இனிமே அவங்களுது."

அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். கையில் எப்போதும் பிளீச்சிங் வாசம்.

"சீக்கிரம் காட்டு. மத்தியானம் டூட்டி இருக்கு."

"இந்த மவுச நகர்த்தினா போதும் அண்ணி. சுடணும்னா இங்க அழுத்தணும்."

"அவரையா?"

சின்னவன் அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டான்.

சுவரில் இரண்டு தடவை முட்டிக்கொண்டு அண்ணி கதவருகே போனாள். காவலாளி அவளைச் சுடாதபடி சின்னவன் முன்பே மாற்றி வைத்திருந்தான்.

"யாரு அது?"

"நான்தான்," என்றாள் அண்ணி.

பக்கத்து மேசைத் துப்பாக்கிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். காலடி கேட்காததால் காவலாளி மறுபடி முதுகைக் காட்டி நின்றான். அண்ணி ஓர் அடி வைத்தாள். இப்போது கொஞ்சம் எரிச்சலோடு, "யாரு அது?" இன்னோர் அடி. கொட்டாவியோடு, "யாரு அது?" அதற்கடுத்து வந்தது முதலில் வந்ததேதான். அண்ணி ஹெட்போனைக் கழற்றினாள்.

"திரும்பவும் அதே வருது."

"மூணுதான் அண்ணி இருக்கு."

"வேற ஒண்ணும் பேசலையா? ஒரு வேலைய சிரிக்காம செய்ற ஆளா அவரு?"

"சிரிச்சாரு. நடுநடுவுல சிரிச்சிட்டே இருந்தாரு. 'நான் சாகுற லட்சணத்த உங்க அண்ணி பார்த்தா சோறு போடமாட்டா'ன்னாரு."

"அது எங்க?"

"வெட்டிட்டேன்."

"வெட்டிட்டேன்னா?"

"தேவையானத மட்டும் எடுத்து வச்சிட்டு மீதிய அழிச்சிடுவோம். வேலை அப்படி."

"செத்தத வச்சுக்கிட்டு சிரிச்சத தூக்கிப் போட்டுட்ட."

அவள் கோபப்படவில்லை. கறை போகாத துணியைத் தனியாக எடுத்துப் போடுகிறவள்போலச் சொன்னாள். சின்னவன் விசைப்பலகையில் இல்லாத தூசியைத் தட்டினான்.

முதலாளி வந்து நின்றார். "அம்மா, வீட்டுக்காரர் பேர முதல்ல பெருசா போடுறோம்."

"பேரப் போட்டா கதவத் திறக்கவா போறாரு?" அண்ணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "சாகுற சத்தத்த வச்சுக்கோங்க. ரோட்டுல கிடந்தாரு, தெருவே நின்னு பார்த்துச்சு. அது ஊருக்குப் போனது. இந்தக் கேள்வி என் வீட்டுக் கதவோடது. பையில சாவி இருந்தாலும் பெல் அடிப்பேன், அவரு கேக்கணும்னு. அதக் கேட்டுட்டு ஒருத்தன் சுடக்கூடாது."

"அது போனா மிச்சம் இருக்குறது எல்லார்கிட்டயும் இருக்கும்மா."

"அப்போ எல்லார் மாதிரியும் இருங்க."

மூன்று குரலையும் சின்னவன் அவள் போனில் ஏற்றிக் கொடுத்தான். ஆபீசில் இருந்ததை அவள் கண் முன்னாலேயே அழித்தான். அழிக்கிற வேலை அவனுக்குக் கைவந்ததுதானே.

முதலாளி லேசில் விடவில்லை. மேடை நாடக ஆள் ஒருவரைக் கூட்டிவந்து அதே வார்த்தைகளைச் சொல்ல வைத்தார். அவர் அடிவயிற்றிலிருந்து சொன்னார். அச்சு அசல் காவலாளி. ஆடிப் பார்த்தவர்களில் ஒருவர் விரலும் நிற்கவில்லை. சத்தம் வந்த திசையைப் பார்த்து இன்னும் சுலபமாகச் சுட்டார்கள். வெளியிட வந்தவர் பாதியில் எழுந்து போனார். துப்பாக்கிக்காரி வேறு வேலை தேடிக்கொண்டாள். இருப்பதை இருக்கிறபடி நாமே வெளியே விட்டுத் தொலைப்போம் என்றார் முதலாளி.

கடைசிச் சரிபார்ப்பு சின்னவனுடையது. கதவருகே போனான். காவலாளி திரும்பினான். நாடகக்காரர் குரலையும் எடுத்தாகிவிட்டது; வாயசைவை எடுக்க மறந்திருந்தார்கள். உதடுகள் திறந்து மூடின. ஒரு சத்தமும் இல்லை. பிறகு காவலாளி சுட்டான். சின்னவன் அசையாமல் நின்று குண்டை வாங்கிக்கொண்டான். மறுபடி தொடங்கி, மறுபடி போய் நின்றான்.

"அந்த வாயசைவையும் எடுத்துடு," என்றார் பின்னால் நின்ற முதலாளி. "மீன் மாதிரி இருக்கு."

எடுத்தான். இப்போது காவலாளி திரும்பியதும் சுட்டான், எல்லா விளையாட்டிலும் சுடுகிற மாதிரி. சின்னவன் முந்திக்கொண்டு அழுத்தினான். மெத்தை சாத்திய அறையிலிருந்து, கொஞ்சமும் பிசிறில்லாமல், அண்ணன் செத்தார்.

"இது நல்லா இருக்கு," என்றார் முதலாளி.