டுமீல் என்றால் விழ வேண்டும்

கென்ஸோ போட்ட நிபந்தனையைக் கேட்டதும் அவர் மகள் சயோகோ தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள, இந்த ஒசாகாவுல முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளையாவது இவன் சிரிக்க வைக்கட்டும். வெச்சுட்டா பொண்ணு அவனுக்கு. இல்லேன்னா வந்த வழியே போகட்டும். நீ வாயத் தொறக்கக் கூடாது. கண்ணைக் காட்டக் கூடாது."

"ஏம்ப்பா, இது கல்யாணப் பேச்சா, இல்ல சர்க்கஸுக்கு ஆள் எடுக்கறீங்களா?"

"சிரிப்பே தெரியாதவனோட அந்தப் பனிக்காட்டுல போய் என்ன பண்ணுவே? சுவத்தோட பேசுவியா?"

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில், ஆக்டோபஸ் துண்டு வைத்துப் பணியாரம்போல் சுடும் தகோயாக்கிக் கடையைப் பூட்டிவிட்டு அப்பா தினமும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அடித்த கூத்தையெல்லாம் சயோகோ பார்த்தவள். அம்மா வலியோடு வலியாகச் சிரித்தாள், கடைசி வாரம் வரை சிரித்தாள். அதனால் அப்பா கேட்பது வெறும் வம்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, அவளால் விமானம் ஏற முடியாது. அதுவும் அந்தப் பொல்லாத மனுஷனுக்குத் தெரியும்.

தாப்பியோ நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான். ஃபின்லாந்துக்காரன், படகு கட்டுகிறவன். சந்தோஷமோ துக்கமோ, எல்லாவற்றுக்கும் அவனுக்கு ஒரே முகம்தான். ஜப்பானிய மொழியைப் பாடப்புத்தகத்தில் படித்தவன், அப்படியேதான் பேசுவான்.

"தங்கள் நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறேன்," என்றான்.

"பாரு, கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி இருக்கு," என்றார் கென்ஸோ.

முதலில் மீன் சந்தைக்குப் போனார்கள். காலை நேரத்துக் கூட்டத்தில் தாப்பியோவின் தலை மட்டும் தனியாகத் தெரிந்தது. ஆக்டோபஸ் விற்கும் கோண்டாவைக் கண்டதும் கென்ஸோ விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி, "டுமீல்!" என்றார். கோண்டா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, கடன்காரங்கிட்ட சொல்லிடுங்க!" என்று அலறிப் பனிக்கட்டிப் பெட்டிமேல் சரிந்தார். வாங்க வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தாப்பியோ ஒரு பிரேதத்தைப் பார்ப்பதுபோல் கவலையாகப் பார்த்தான். "இவர் ஏன் விழுந்தார்?"

"சுட்டா விழாம? ஒசாகாக்காரன்யா அவன்!"

"எவ்வளவு நேரம் இப்படிக் கிடப்பார்?"

"யாவாரம் வந்தா எந்திரிப்பான்," என்றார் கென்ஸோ. சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு அம்மாள் விலை கேட்க, பிணம் எழுந்து கத்தியை எடுத்தது. எடுத்த கையோடு கோண்டா கென்ஸோவைப் பார்த்து விரல் நீட்டினார். "இப்ப உங்க முறை. டுமீல்!"

கென்ஸோ விழவில்லை. "முட்டி வலிடா," என்று கையை ஆட்டிவிட்டு நடந்தார். கோண்டா விரலை மெல்ல மடக்கிக்கொண்டார். அம்மா போனதிலிருந்து அப்பா ஊரையெல்லாம் சுடுவார், யார் சுட்டாலும் விழமாட்டார். அது முட்டி வலி இல்லை என்று சந்தைக்கே தெரியும்.

அதன்பின் தாப்பியோ பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! ரயில் நிலையத்தில் எஸ்கலேட்டரின் இடப்பக்கம் நின்றுவிட்டான். இந்த ஊரில் வலப்பக்கம்தான் நிற்பார்கள், இடப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. பின்னால் ஒரு ஊரே தேங்கி நின்று தொண்டையைச் செருமியது. "டோக்கியோக்காரன் மாதிரி நிக்கிறான் பாரு!" என்று கென்ஸோ வெடித்தார். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

கால்வாய்ப் பாலத்தில், கை தூக்கி ஓடும் ஓட்டக்காரனின் பிரம்மாண்ட விளம்பர விளக்குப் பலகைக்கு எதிரே, படம் எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்களிடம் தாப்பியோ தன் நாட்டு நகைச்சுவை ஒன்றைச் சொன்னான். இரண்டு மீனவர்கள், ஒரு ஏரி, நெடுநேர மௌனம். கதை முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பெண்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகு குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். சயோகோவுக்கு அந்தக் கால்வாயிலேயே குதித்துவிடலாம் போலிருந்தது.

மதியம் நடந்ததுதான் மோசம். குச்சியில் குத்திப் பொரித்ததை விற்கும் கடை, பொதுக் குழம்புச் சட்டி. ஒருமுறைதான் முக்க வேண்டும். தாப்பியோ பாதி கடித்த குச்சியை நிதானமாக மறுபடி முக்கினான். கடையே மூச்சை நிறுத்தியது. கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுச் சட்டி கொண்டுவந்து வைத்தார். கென்ஸோ எல்லோருக்கும் கும்பிடு போட்டே ஓய்ந்துபோனார்.

திரும்பும் ரயிலில் சயோகோ அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுடு தாப்பியோ. நான் அப்பாகிட்ட அழுது பாக்கறேன்."

"அழக்கூடாது," என்றான் அவன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஏதோ யோசித்துக்கொண்டே வந்தான்.

அவர்கள் கடைத்தெருவில் சாயங்காலக் கூட்டம் நெரிந்தது. விஷயம் காலையிலேயே பரவியிருக்க வேண்டும். ஊறுகாய்க் கடை ஹிசானோ வாசலிலேயே காத்திருந்தாள்.

"என்ன கென்ஸோ அண்ணே, மாப்பிள்ளை பாஸா?"

"பாஸா? முட்டை! முட்டைக்கே மேல ஓடு இருக்கும், இவனுக்கு அதுவும் இல்ல."

"அட பாவமே. ஆளு பார்க்க லட்சணமா இருக்கானே."

"லட்சணத்தை ஊறுகாயா போடறது?" கென்ஸோ தாப்பியோவின் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது. "தம்பி, நீ கெட்டவன் இல்ல. ஆனா எம்பொண்ணு வீட்டுல சத்தம் வேணும். சிரிப்புச் சத்தம். அது இல்லாத வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்யா. அதனால கதை முடிஞ்சுது." பழக்க தோஷத்தில் விரல் தானாக நீண்டது. "டுமீல்."

தாப்பியோ விழுந்தான்.

சும்மா விழவில்லை. வெட்டிய பனைமரம் சாய்கிற மாதிரி, முழு உயரத்துக்கும் விறைப்பாக, ஹிசானோவின் காலி வாளிகளைச் சிதறடித்துக்கொண்டு தெருவின் குறுக்கே விழுந்தான். அதே முகம், கண் மட்டும் மூடியிருந்தது. வாளிகள் உருண்டு ஓய்ந்தன. அவன் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. ஒரு சைக்கிள் நின்றது, அதற்குப் பின்னால் இன்னும் நாலு.

"ஏய்," என்றார் கென்ஸோ. "எந்திரி." அசைவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏய் தம்பி! தலையில பட்டுச்சா? ஐயோ, யாராவது தண்ணி கொண்டாங்கய்யா!"

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"தங்கள் மகளைத் தருவதாகச் சொன்னால் எழுந்துகொள்கிறேன்."

தெருவே வெடித்தது. சைக்கிள்காரர் ஹேண்டில்மேல் கவிழ்ந்து சிரித்தார். யாரென்றே தெரியாத ஒரு தாத்தா பல் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"பொணத்துக்குப் பொண்ணு குடுக்கற வழக்கம் எங்க வீட்டுல இல்ல!" என்று கென்ஸோ கத்தினார்.

"ஆகையால்தான், தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள். தரை குளிர்கிறது."

"ஃபின்லாந்துக்காரனுக்கே குளிருதாம்!" என்று ஹிசானோ வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "குடுத்துத் தொலைங்க அண்ணே! என் கடைய அடைச்சுக்கிட்டுக் கெடக்கு பொணம்!"

"குடுய்யா! வீட்டுக்குப் போவணும்!" என்று சைக்கிள்கள் மணியடித்தன.

கென்ஸோ உதட்டைக் கடித்துப் பார்த்தார். மூக்கு விரிந்தது, தோள் ஆடியது, அடக்க முடியவில்லை மனுஷனுக்கு. கெக்கெக்கே என்று அவர் சிரித்த சிரிப்பைக் கேட்டு சயோகோ திடுக்கிட்டாள். அது ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில், அம்மாவோடு சேர்ந்து அப்பா சிரித்த சிரிப்பு. அதற்கப்புறம் அவள் அதைக் கேட்டதேயில்லை.

"எந்திரிங்க மாப்ளே," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொண்ணு உங்களுக்குத்தான்."

தெரு கைதட்டியது. ஆனால் தாப்பியோ எழவில்லை. படுத்தபடியே நீளமான கையை உயர்த்தினான், விரலை மாமனாரின் நெஞ்சுக்கு நேராக நீட்டினான்.

"டுமீல்," என்றான்.

ஹிசானோ சிரிப்பை நிறுத்தினாள். தெருக்காரர்கள் எல்லோரும் கென்ஸோவின் முட்டியைப் பார்த்தார்கள்.

கென்ஸோ அந்த விரலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்தார். "ஐயோ! மாப்பிள்ளையே சுட்டுட்டானே!" என்று தெருவே அதிர அலறிச் சுழன்று, தள்ளாடி, முட்டி மடங்கி, மருமகனுக்குப் பக்கத்தில் மல்லாக்க விழுந்தார்.

தகோயாக்கி வாங்க வந்த ஒருவர் கடையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். "இதோ வந்துட்டேன்," என்று சயோகோ, சிரிப்பும் அழுகையுமாக, இரண்டு பிணங்களையும் தாண்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள்.