காத்திருப்பு நாற்காலி

மதிய இடைவேளையில் மாவுக்கட்டு அறைக்குள் நான் நுழைந்தபோது, கட்டண்ணன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னும் யாரும் தேநீரே குடித்திருக்கவில்லை.

"என்னண்ணே, அதுக்குள்ளயா?"

"எப்படியும் நான்தானே கழுவப்போறேன். முன்னாடியே கழுவிட்டா ஒரு வேலை முடிஞ்சுதுல்ல."

எங்கள் மருத்துவமனையில் திங்கட்கிழமை மதியம் அந்த அறையில்தான் லீக் கூடும். ஃபேன்டஸி ஃபுட்பால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிஜமாக ஆடும் கால்பந்து வீரர்களிலிருந்து ஆளுக்குப் பதினோரு பேரைப் பொறுக்கி, கைபேசியில் ஓர் அணி அமைத்துக்கொள்வோம். அவர்கள் மைதானத்தில் கோல் அடித்தால் இங்கே நமக்குப் புள்ளி. அந்த வாரம் கடைசியாக வருபவர் எல்லோருடைய கோப்பையையும் கழுவ வேண்டும். மாவுக்கட்டுப் போடுவதால் கட்டண்ணன் என்று நாங்கள் கூப்பிடும் அவர்தான் வாராவாரம் கடைசி.

லீக்கை நடத்துவது நான். எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நாள் முழுக்கச் சுவருக்குப் பின்னால் நின்று, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும். திங்கட்கிழமை அந்த அரை மணி நேரத்தில்தான் நான் மூச்சு விடுவேன். அதனால் லீக் பாதி சீசனிலேயே படுத்துவிடும்போல இருந்தது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா முதல் மாதமே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டார். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்கிற கண்ணால் வீரர்களைப் பார்ப்பவர் அவர். மற்றவர்களுக்கு இனி துரத்தி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு. ரத்தம் எடுக்கிறவர் வருவதையே நிறுத்திவிட்டார். போன வாரம் சைரனும், "நானும் கழண்டுக்கிறேன்ப்பா" என்றார்.

சைரன் எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். குரலுக்காக வந்த பெயர். எத்தனையோ பேரை அடிபட்ட இடத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்தவர், தன் வண்டியைக் கழுவிவிட்டு ஈரத்தரையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். இப்போது அவரை விசாரணை மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வண்டியை ஒரு புதுப் பையன் ஓட்டுகிறான். சைரன் போய்விட்டால் சிரிப்பும் போய்விடும், பிறகு லீக் எதற்கு?

அதனால் வேறு மாதிரி ஒரு லீக்கை யோசிக்க ஆரம்பித்தேன். முன்னால் இருப்பவருக்கு வீரர்களைக் குறைத்துத் தரலாமா என்று கேட்டேன்.

"பரீட்சையில நல்லா எழுதுறான்னு பேனாவைப் புடுங்குவியா?" என்றார் அக்கா.

வாரம் இருவர் மட்டும் மோதிக்கொள்ளலாமா என்றேன். சைரன் கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டியபடி, "அக்காகூட நேருக்கு நேரா? ஏற்கெனவே ஒரு கால் போயாச்சு எனக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். முடிவு மட்டும் வரவில்லை.

சரி, கட்டண்ணன் ஏன் எப்போதும் கடைசி என்று அவருடைய அணியைத் திறந்து பார்த்தேன். நல்ல அணிதான். ஆனால் முன்வரிசையில் கால் எலும்பு முறிந்த ஒரு வீரன். மூன்று மாதமாக அவன் வாராவாரம் பூஜ்யம் வாங்கித் தந்துகொண்டிருந்தான். இதற்காக அவரை அதிகம் கிண்டல் செய்தவர் சைரன்தான்.

"அவனைத் தூக்கிக் கடாசு, கட்டு. நொண்டிக் குதிரையைக் கட்டிக்கிட்டு ரேஸுக்குப் போறியே."

"ஆறு வாரத்துல வந்துருவான்."

"ஆமா, உன் ஆறு வாரம் எனக்குத் தெரியாதா?" சைரன் தன் காலைத் தட்டிக் காட்டினார். "எனக்கும் இதைத்தானே சொன்ன."

அடுத்த நாள் ஒரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு என் அறைக்கு வந்த கட்டண்ணனை நிறுத்திக் கேட்டேன். "நிஜமா ஏண்ணே அவனை வெச்சிருக்கீங்க?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தூக்கலாம்தான் தம்பி. எதிர்ல சைரன் உக்காந்திருக்காரே. கால் ஒடிஞ்சவனைத் தூக்கிட்டேன்னு அவரு காதுபட எப்படிச் சொல்றது?"

"கிண்டல் பண்றதே அவருதானே?"

"பண்ணிட்டு என் மூஞ்சியைப் பாப்பாரு. நீ கவனிச்சதில்ல. தூக்கமாட்டேன்னு நான் சொன்னதுக்கப்புறம்தான் கோப்பையைக் கையில எடுப்பாரு."

அவர் போன பிறகு வெகுநேரம் அந்த நினைப்பாகவே இருந்தேன். கடவுள் சில உதவிகளைப் பெறுகிறவனுக்கே தெரியாமல் செய்யச் சொல்கிறார் போலும். அப்படிச் செய்கிற ஒருவர் அதற்கு விலையாக வாராவாரம் கோப்பை கழுவுகிறார். அதற்கு என் லீக்கில் ஒரு விதி இல்லாமல் போனது எனக்கு வெட்கமாக இருந்தது.

மறு திங்கள் புதிய திட்டத்தோடு போனேன். ரத்தம் எடுக்கிறவரையும் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தேன். நீண்ட சீசன் இனிக் கிடையாது. மாதத்துக்கு ஒரு சின்ன சீசன், எல்லோரும் மறுபடி பூஜ்யத்திலிருந்து. இதற்கு அக்காகூடத் தலையாட்டினார். இரண்டாவது விதியைச் சொன்னேன். ஒவ்வோர் அணிக்கும் ஒரு காத்திருப்பு நாற்காலி. அடிபட்ட ஒருவனை அதில் உட்கார வைத்துவிட்டு, அவனுக்குப் பதிலாக வேறு ஆளை ஆடவிடலாம். அவன் காத்திருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு புள்ளி சேரும், மாதம் மாறினாலும் அது அழியாது. அவன் திரும்பி வந்து மைதானத்தில் கால் வைக்கிற அன்று, சேர்ந்ததெல்லாம் காத்திருந்தவருக்கு. நடுவில் கைவிட்டால் ஒன்றும் இல்லை.

"ஆடாம உக்காந்திருக்கிறவனுக்குப் புள்ளியா?" என்றார் அக்கா. "இது லீக்கா, மடமா?"

பதில் முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தது.

"அக்கா சொல்றதுதான் சரி," என்றார் சைரன். "இல்லாதவன் இல்லாதவன்தான். வேற ஆள் வந்தாச்சு, ஆட்டம் நடக்குது. அவனுக்கு எதுக்கு நாற்காலி?"

சிரிக்கத்தான் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வெளியே ஆம்புலன்ஸ் கிளம்பியது. சைரனின் தலை தானாக ஜன்னல் பக்கம் சாய்ந்தது. "கியரை இழுத்துப் போடறான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டண்ணனை. பிறகு என்னை. மருத்துவரின் கிறுக்கலையே படித்துவிடுகிற கண்கள் அவை.

"நாற்காலி இருக்கட்டும்," என்றார். "என் கோல்கீப்பருக்கும் தோள்பட்டை சரியில்ல."

அவருடைய கோல்கீப்பர் முந்தின நாள்தான் முழு ஆட்டமும் ஆடியிருந்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதன்பிறகு லீக் எழுந்து உட்கார்ந்தது. முதல் சின்ன சீசனை ரத்தம் எடுக்கிறவர் ஜெயித்து, வராந்தா முழுக்கச் சொல்லித் தீர்த்தார். அக்கா ஒருமுறை கோப்பை கழுவினார். மருந்துப் புட்டி மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கழுவினார். கட்டண்ணனின் நாற்காலியில் உண்டியல்போலப் புள்ளி சேரச் சேர, அந்த வீரனின் காலைப் பற்றி எல்லோருக்கும் அக்கறை வந்துவிட்டது. தினமும் காலையில் செய்தி தேடிப் படித்தவர் சைரன்.

"இன்னைக்கு ஊன்றுகோல் இல்லாம நடந்தானாம், கட்டு."

"நான்தான் சொன்னேனே, ஆறு வாரம்."

"வாயைக் கழுவு. கோப்பை அப்புறம்."

கழண்டுகொள்வதாகச் சொன்ன பேச்சை அவர் மறந்தேபோனார். ஆனால் வண்டி கிளம்பும்போதெல்லாம் அந்தத் தலை சாய்வது மட்டும் நிற்கவில்லை.

போன திங்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கதவருகே அந்தப் புது ஓட்டுநர் வந்து நின்றான். கையில் வண்டிச் சாவி. எங்கள் அறைக்கு அவன் வந்ததே இல்லை. நாங்களும் கூப்பிட்டதில்லை.

"அண்ணே, ரெண்டாவது கியர் மாட்டுதுண்ணே. உங்களைக் கேட்டா தெரியும்னாங்க."

கட்டண்ணன் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"அது கொஞ்சம் ரோஷக்காரன்," என்றார் சைரன் கடைசியில். "இழுத்தா வரமாட்டான். கெஞ்சிப் போடணும்."

"சரிண்ணே." அவன் சாவியை விரலில் உருட்டினான். "நீங்க வர்ற வரைக்கும் கெட்டுப்போகாம பாத்துக்கணும்ல. அதான் கேட்டேன்."

சைரன் இரண்டு கைகளாலும் தன் கட்டுக் காலைத் தூக்கி, முக்காலியிலிருந்து மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தார். ஊன்றுகோலின் நுனியால் அந்த முக்காலியைப் பையன் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. உனக்கு ஒரு டீம் போடணும். இந்த அக்காகிட்ட மட்டும் யோசனை கேக்காத."

அவன் உட்கார்ந்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் சாவியை மேசை நடுவில் வைத்தான். கட்டண்ணன் அலமாரியிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்தார். ஆறு கோப்பைகளிலிருந்தும் ஆவி எழுந்து ஒன்றோடொன்று கலந்தது. நடுவில் கிடந்த சாவியை நகர்த்தாமல், ஒவ்வொருவராகக் கையை நீட்டி அவரவர் கோப்பையை எடுத்துக்கொண்டோம்.