பாக்கி நாலு மணி நேரம்

பெர்னார்டுக்குப் பட்டம் வேண்டும். பன்னிரண்டு வருஷமாகச் சிறையில் வார்டர் வேலை. நேற்று வந்த பொடியன்கள் பட்டத்தைக் காட்டி அதிகாரியாகிவிட, அவர்களுக்குச் சல்யூட் அடித்தே இவன் தோள் தேய்ந்துபோனது. 1982-ல் அமெரிக்க அஞ்சல்வழிக் கல்லூரி ஒன்று வழி காட்டியது. குற்றவியல் நீதியில் பட்டம். வேலையில் பெற்ற பயிற்சிகளையும் பாடமாகச் சேர்த்துக் கிரெடிட் கொடுப்பார்களாம். எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. கைதிகளை அடக்கும் பயிற்சிக்கு அறுபது மணி நேரம் வேண்டும், ரெஜிஸ்டரில் ஐம்பத்தாறுதான். மகள் முதன்முதலாக நற்கருணை பெற்று, புது நன்மை வாங்கிய அன்று வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு லூர்து மாதா கோயிலுக்குப் போயிருந்தான். அந்த நாலு மணி நேரம் இல்லாவிட்டால் கிரெடிட்டும் போச்சு, பட்டமும் போச்சு.

பயிற்சி கொடுத்த தலைமை வார்டர் வடிவேலுவிடம் போய் நின்றான்.

"கையெழுத்துத்தானே, போடறேன் லா. சும்மா போட நான் என்ன கேனையா? பாக்கிய இன்னிக்கே முடிச்சிடு."

கூட்டிப் போனது பரமசிவத்தின் அறைக்கு. சைக்கிள் திருடி உள்ளே வந்தவன். முந்தின நாள் சாப்பாட்டுத் தட்டை வடிவேலுவின் முகத்தில் எறிந்திருந்தான். தடியில் ஈரத் துண்டைச் சுற்றிக் கொடுத்தார் வடிவேலு. தழும்பு தெரியாதாம். அடப்பாவி, இதையும் ஒரு பாடமென்று நடத்தினானே.

முதல் அடி தோளில் பட்டும் படாமல் விழுந்தது.

"என்னடா, மெத்தையா தட்டறே?" என்றார் வடிவேலு.

பரமசிவம் சிரித்தான். "அண்ணே, உங்களுக்கு இது ஒத்துவராது. வீட்டுக்குப் போங்க."

அந்தச் சிரிப்பு போதும். பன்னிரண்டு வருஷத்துச் சல்யூட்டெல்லாம் கையில் வந்து இறங்கியது. விலாவில் ஒன்று, முழங்காலில் ஒன்று, பாதத்தில் கணக்கே இல்லை. பரமசிவம் "அம்மா" என்றான். பிறகு அதுவும் நின்றது. இரத்தத்தோடு ஒரு பல் தரையில் விழுந்தது. பெர்னார்ட் நிறுத்தவில்லை. சொல்லவே கூசுகிறது, அவனுக்கு அது பிடித்திருந்தது.

"போதும்டா, செத்துக்கித்துத் தொலையப் போறான்." வடிவேலுதான் கையைப் பிடித்து இழுத்தார்.

நடந்தது இருபது நிமிஷம். ரெஜிஸ்டரில் நாலு மணி நேரமென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கைதி படியில் விழுந்துவிட்டதாக இன்னொரு தாளில் எழுதினார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது: கிரெடிட் சேர்ந்தாயிற்று. மனைவி ரோசம்மா தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறி வாங்கிவந்து ஆசையாகச் சமைத்தாள். எலும்பைக் கடித்தபோது கடக்கென்றது. பெர்னார்ட் எழுந்து போய் வாந்தி எடுத்தான். திரும்பி வந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான்.

அன்றே கல்லூரிக்கு எழுதினான்: 'எனக்கு ஐம்பத்தாறு மணி நேரம்தான். மீதி நாலு மணி நேரமென்று எழுதியது பொய், அப்போது ஒரு கைதியை அடித்தேன். அவர் படியில் விழவில்லை.' நகல் ஒன்று சிறை மேலதிகாரிக்கு.

"பட்டம் போயிடும்," என்றாள் ரோசம்மா.

"போகட்டும்."

"வேலையும் போயிடுங்க. பிள்ளைங்க?"

பெர்னார்ட் உறைகளை ஒட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனான். சிராங்கூன் ரோட்டுத் தபால்பெட்டியில் இரண்டையும் போட்டான்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பரமசிவத்தின் அறைக்குப் போனான். உண்மையை எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். கதவைத் திறந்தான். பரமசிவம் நொண்டிக்கொண்டே மூலைக்கு ஓடி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்தினான்.

"அண்ணே, படியிலதான் விழுந்தேன். யார் கேட்டாலும் அதத்தான் சொல்றேன், அண்ணே."