எர்த்துக்குழிக்கு ஊற்றிய வெள்ளம்

கிரைண்டர் இன்று பெமிலாவைத் தூக்கியே எறிந்துவிட்டது. ஆப்பமாவைத் தள்ளிவிடக் கை வைத்தவள், பின்னால் இருந்த ஃபிரிட்ஜில் போய் முட்டி நின்றாள். முழங்கை வரைக்கும் விறுவிறுவென்று இழுத்தது. மூன்று மாதத்தில் கரண்ட் அடிப்பது இது மூன்றாவது முறை.

"ஏசுவே, செத்தேன்!"

முன்னறையிலிருந்து கணவன் ஆன்ட்ரூஸின் குரல் மட்டும் வந்தது. "ஈரக்கையோட தொட்டியா?"

"மாவரைக்கவ கைய வெயில்ல காயப்போட்டுட்டா வருவா?"

"செருப்பு போட்டுக்கிட்டு நில்லுட்டி. எத்தன மட்டம் சொல்லியாச்சு."

எழுந்துகூட வரவில்லை. தோஹாவிலிருந்து திரும்பிய பிறகு அவனுக்கு முன்னறைதான் உலகம். பாட்டுக் கேட்க ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபயர், கரண்டைச் சுத்தமாக்கித் தருமாம் என்று வாங்கிய பவர் கண்டிஷனர்ப் பெட்டி, பாம்பு கனத்தில் கேபிள்கள்.

"கரண்டு அழுக்கா இருக்காம், இவரு மாவு அரிப்பு வச்சு அரிச்சு எடுக்காராம்" என்று கோயிலில் பெண்களிடம் சொல்லிச் சிரித்தவள்தான் பெமிலா. இன்று சிரிப்பு வரவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எலக்ட்ரீஷியன் செல்வதாஸுக்குப் போன் போட்டாள்.

வடசேரியிலிருந்து வந்த செல்வதாஸ் கிரைண்டரைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"உள்ள ஒரு ஒயர் தோலுரிஞ்சு கெடந்து மைனி, சுத்தியாச்சு. ஆனா எர்த்து இருந்தா இந்த அடி அடிக்காதே?"

"எர்த்து இல்லாமலா? வீடு வச்ச அன்னைக்கு நீதானடே சொன்ன, குழி காயப்பிடாதுன்னு. அரிசி களுவுன வெள்ளம் பூரா தெனமும் அதுலதான் ஊத்துகேன்."

உண்மைதான். கிணற்றடியில் உப்பும் கரியும் போட்டு மூடிய அந்தக் குழிக்கு, பன்னிரண்டு வருஷமாக அவள் ஒருநாள் தவறியதில்லை. பங்குனி வெயிலில் இரண்டு வாளி கூடுதல்.

செல்வதாஸ் மீட்டர் பலகையைத் திறந்தான்.

"மைனி, இஞ்ச வாருங்க."

எர்த்துக்குழிக்குப் போகும் பச்சை ஒயர் துண்டாகிக் கிடந்தது.

"எலி கடிச்சதாடே?"

"எலி டேப்பு சுத்துமா மைனி?"

இரண்டு முனையிலும் கறுப்பு டேப் நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. அந்த நேர்த்தியை அவளுக்குத் தெரியும். விறுவிறுவென்று முன்னறைக்குப் போனாள்.

"பச்ச ஒயர வெட்டுனது நீங்களா?"

ஆன்ட்ரூஸ் பாட்டைக் குறைத்தான். "ஸ்பீக்கர்ல ம்ம்முன்னு ஒரு மூளல் கெடந்துல்லா. அது எர்த்து வழியாத்தான் வருமாம். நெட்டுல ஒருத்தன்…"

"நான் குழிக்கு வெள்ளம் ஊத்துகத இந்தச் சன்னல் வழியா தெனமும் பாத்தீயளா, இல்லியா?"

"பாத்தேன்."

"வெட்டிப் போட்ட குழிக்கு இவ ஊத்துகாளேன்னு ஒரு வார்த்த வாயில வரலியா?"

"சொன்னா சேக்கச் சொல்லுவ."

அவள் தரையைப் பார்த்தாள். அந்தக் கனத்த கேபிள், சாணுக்கு ஒன்றாக வைத்த சின்னச் சின்ன மரக்கட்டைகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் பட்டால் சத்தம் கலங்கிவிடுமாம்.

"ஒயருக்குக் கட்டைக்காலு வச்சிருக்கீய, மண்ணுல படப்பிடாதுன்னு! நான் வெறுங்காலோட ஈரத்துல நிக்கேன். எனக்குச் செருப்பு போடச் சொல்லுதீய! சவம், கொன்னுபோட்டு பாட்டா கேக்கப் போறீய?"

"கத்தாதட்டி, அவன் நிக்கான்."

"நிக்கட்டும். செல்வதாஸ், சேருடே அந்த ஒயர!"

சேர்த்தான். ஸ்பீக்கரிலிருந்து வண்டு போல மூளல் எழுந்தது. ஆன்ட்ரூஸ் முகத்தைச் சுளித்தான்.

"கேட்டியா? இதுக்குத்தான்…"

"மூளட்டும். அடுக்களைக்கு வாங்க. செருப்பக் கழத்துங்க. கைய நனைங்க."

வந்தான், நனைத்தான். அவள் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். கடகடவென்று ஓடியது.

"தொடுங்க."

அவன் கை பாதி வழியில் நின்றது. "செல்வதாஸ், டெஸ்டர் வச்சுப் பாத்தியாடே?"

"பாத்தேன் அண்ணே, ஒண்ணுமில்ல."

"எனக்கு மூணு மாசம் எவன் டெஸ்டர் வச்சுப் பாத்தான்?" என்றாள் பெமிலா. "தொடுங்க!"

ஒற்றை விரலை வைத்தான்.

"முழுக் கையும்."

வைத்தான். அவள் அரிசி கழுவிய சருவத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்படியே நில்லுங்க, எடுக்கப்பிடாது. நான் குழிக்கு வெள்ளம் ஊத்திட்டு வாறேன்."